பந்தயக் களத்தில் அளவும் வரம்பும்

"ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்பது தமிழ் மக்களிடையே வழங்கும் பழமொழி. ஆற்றில் போட்ட பொருள் திரும்பி வரப்போவதில்லை. பின் அதை அளப்பானேன் என்று கேட்பார் உளர். அளப்பது ஆற்றுக்காக அன்று, போடுகின்றவனின் கையிருப்புக்காக. பணத்தை ஆறுபோல் ஓடவிட்ட ஒரு துறை இவ்வுண்மையைக் கால் நூற்றாண்டுக் காலத்தில் மெல்ல மெல்லக் கற்றுக்கொண்டது. பார்முலா ஒன் எனப்படும் அனைத்துலக மோட்டார் பந்தயமே அத்துறை.

இப்பந்தயம் இவ்வட்டார மக்களுக்குப் புதியதன்று. சிப்பாங் திடலில் 1999 முதல் 2017 வரை அது நடைபெற்றது. சிங்கப்பூரில் 2008இல் நடைபெற்ற பந்தயமே இவ்வரிசையில் இரவில் நடந்த முதற் பந்தயமாகும். ஆயினும் விளக்கொளியில் மக்கள் காணும் ஓட்டம் ஒன்று. தொழிற்கூடங்களில் ஆண்டு முழுவதும் நடைபெறும் ஓட்டம் மற்றொன்று. எந்த உறுப்பைத் திருத்துவது, எத்தனை முறை சோதிப்பது, எப்போது நிறுத்துவது என்பனவே அவ்விரண்டாவது ஓட்டத்தின் திருப்பங்கள். வெற்றி தோல்விகளைப் பெரும்பாலும் உறுதிசெய்வது அதுவே.

எல்லை இல்லாத காலம்

ஒவ்வொரு குழுவும் தன் காரின் உடலமைப்பைத் தானே வகுத்துக்கொள்ள வேண்டும் என்பது இப்பந்தயத்தின் அடிப்படை விதி. ஆண்டுத் தொடக்கத்தில் களம் புகும் கார் ஆண்டு முடியும்வரை அப்படியே இருப்பதில்லை. முன்னிறகு, பின்னிறகு, அடித்தளம் என ஒவ்வோர் உறுப்பும் திருத்தம் பெற்றுக்கொண்டே இருக்கும். ஒரு சுற்றுக்குப் பத்தில் ஒரு பங்கு விநாடி மிச்சப்பட்டாலும், 60 சுற்றுகளில் அது 6 விநாடி ஆகிவிடுகிறது.

செய்த திருத்தம் நன்மை தருமா என்று அறிய மூன்று வழிகள் உள்ளன. காரையே திடலில் ஓட்டிப் பார்ப்பது முதல் வழி. சிறிய உருவ மாதிரியைக் காற்றுச் சுரங்கத்தில் நிறுத்தி, அதன்மீது வேகமாகக் காற்றைச் செலுத்தி அளப்பது இரண்டாவது. காற்றின் போக்கைக் கணிப்பொறியில் கணித்துப் பார்ப்பது மூன்றாவது. மூன்றுக்கும் பணம் வேண்டும். பணமுள்ளவருக்கு நெடுங்காலம் இவற்றில் தடை மிகக் குறைவாகவே இருந்தது.

இத்தாலியின் பெராரிக் குழு இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அதன் தொழிற்சாலைக்கு அருகிலேயே பியோரானோ என்னும் சொந்தச் சோதனைத் திடல் 1972இல் அமைந்தது. பின்னர் முஜெல்லோ திடலும் அதன் உடைமையாயிற்று. பந்தயத்திற்கென ஓர் அணியும் சோதனைக்கென மற்றோர் அணியும் வைத்துக்கொண்டு அது உழைத்தது. 2000 முதல் 2004 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து மைக்கேல் ஷூமாக்கர் வாகை சூடினார். 2004இல் நடந்த 18 பந்தயங்களில் 15ஐப் பெராரியே வென்றது. அவ்வெற்றிகளுக்குப் பின்னால் ஓட்டுநரின் திறமையோடு ஓயாத சோதனை ஓட்டங்களும் இருந்தன.

எனினும் பணம் மட்டுமே வெற்றியை வாங்கித் தரவில்லை. ஜப்பானின் டொயோட்டா நிறுவனம் ஜெர்மனியின் கொலோன் நகரில் பெரிய காற்றுச் சுரங்கங்களோடு தொழிற்கூடம் அமைத்து, 2002 முதல் 2009 வரை போட்டியிட்டது. அந்த எட்டு ஆண்டுகளில் அதற்கு ஒரு பந்தயத்தில்கூட முதலிடம் கிட்டவில்லை. வளம் மிகுந்த இடத்தில் தேர்வும் சிறந்திருக்கும் என்று சொல்வதற்கில்லை.

வரம்பு பிறந்த வரலாறு

சோதனைக்கு எல்லை வகுக்கும் முயற்சி விருப்பத்தின் பேரில்தான் தொடங்கிற்று. 2003இல் ஓர் ஏற்பாடு வந்தது. பந்தயங்களுக்கு இடையே தனியாகச் செய்யும் சோதனைகளைக் குறைத்துக்கொள்ள இசையும் குழுக்களுக்கு, பந்தய வாரத்தின் வெள்ளிக்கிழமை காலையில் அத்திடலிலேயே 2 மணி நேரம் கூடுதலாக ஓட்டிப் பார்க்க உரிமை தரப்பட்டது. ரெனோக் குழு இதை ஏற்றது. அவ்வாண்டு ஹங்கேரியில் அக்குழுவின் இளைஞர் பெர்னாண்டோ அலோன்சோ தம் முதல் வெற்றியைப் பெற்றார். குறைந்த அளவும் உரிய இடத்தில் அமைந்தால் பயன் தரும் என்பதற்கு அது நல்ல சான்றாயிற்று.

விருப்பம் கட்டாயமாக மாறியது 2008இல் உலகைத் தாக்கிய பொருளாதாரச் சரிவினால். அவ்வாண்டு டிசம்பர் 5ஆம் நாள், ஹோண்டா நிறுவனம் பந்தயத்தைவிட்டு விலகுவதாக அறிவித்தது. இங்கிலாந்தின் பிராக்லி ஊரில் இருந்த அதன் குழுவில் ஏறத்தாழ 700 பேர் பணிபுரிந்துவந்தனர். அவர்தம் பிழைப்பு ஒரே நாளில் கேள்விக்குறி ஆயிற்று. ஒரு பெரிய நிறுவனம் போனால் அடுத்தது எது என்ற அச்சம் எல்லோரையும் பற்றிக்கொண்டது. ஆண்டுக்கு 30,000 கிலோமீட்டர் என்று இருந்த சோதனை ஓட்டம் 2009க்கு 15,000 ஆகக் குறைக்கப்பட்டது. அதனினும் பெரிய மாற்றம், பந்தயப் பருவம் தொடங்கிய பின் சோதனை ஓட்டமே கூடாது என்பதாகும்.

இதன் முதல் விளைவு மனிதர்மேல் விழுந்தது. பெராரியின் சோதனை ஓட்டுநராகப் பல்லாண்டு உழைத்தவர் லூக்கா படோயர். 2009 ஜூலையில் பிலிப்பே மாசா ஹங்கேரியில் காயமுற்றதால் அவருடைய இடம் படோயருக்குக் கிடைத்தது. ஆனால் தடையின் காரணமாக அவ்வாண்டுக் காரை ஓட்டிப் பழக அவருக்கு வாய்ப்பே இருக்கவில்லை. அவர் கலந்துகொண்ட இரண்டு பந்தயங்களின் தகுதிச் சுற்றிலும் 20 கார்களில் கடைசி இடமே கிட்டியது. சோதனைக்காகவே வாழ்ந்த ஒருவர், சோதனை இன்மையால் தோற்றார்.

பிரான் குழுவின் பாடம்

ஹோண்டா கைவிட்ட குழுவை அதன் தலைவர் ராஸ் பிரான் தம் பொறுப்பில் ஏற்று, தம் பெயரையே அதற்கு இட்டார். புதிய கார் முதன்முதலாக ஓடியது 2009 மார்ச் 6ஆம் நாள். முதற் பந்தயமோ அம்மாத இறுதியில். ஆயினும் முதல் ஏழு பந்தயங்களில் ஆறினை அக்குழுவின் ஜென்சன் பட்டன் வென்றார். ஓட்டுநர் பட்டமும் குழுப் பட்டமும் அவ்வாண்டு அதற்கே கிடைத்தன.

இதனை ஏழை வென்ற கதையாகப் பலர் கூறுவர். நுணுகி நோக்கின் அது முழு உண்மையாகாது. 2009இல் காரின் விதிகள் பெரிதும் மாறவிருந்தன. 2008 காரால் பயனில்லை என்று கண்ட ஹோண்டாக் குழு, அதைத் திருத்துவதை விட்டுவிட்டு, தன் வளத்தை 2009 காரின்மேல் செலுத்தியது. பெராரியும் மெக்லாரனுமோ 2008 பட்டத்துக்காகக் கடைசிப் பந்தயம்வரை போராடின. மெக்லாரனின் லூயிஸ் ஹாமில்டன் 1 புள்ளி வேறுபாட்டில் பட்டம் பெற்றார். குழுப் பட்டம் பெராரிக்குச் சென்றது. வென்ற இவ்விரு குழுக்களும் அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் பின்தங்கின. விட்டுக்கொடுத்த குழு முன்னே வந்தது. ஆக, பிரான் அறுவடை செய்தது ஹோண்டாவின் பணம் விதைத்த பயிரையே.

விதைத்தது தீர்ந்ததும் விளைவும் தேய்ந்தது. ஆட்குறைப்புச் செய்து கையிருப்பும் சுருங்கிய அக்குழுவால் காரைத் தொடர்ந்து திருத்த முடியவில்லை. ஜூன் 7க்குப் பின் பட்டன் ஒரு பந்தயமும் வெல்லவில்லை. ரெட் புல் குழு விரைந்து நெருங்கிற்று. முன்னரே சேர்த்த புள்ளிகளே பிரான் குழுவைக் காத்தன. அவ்வாண்டு நவம்பரில் அதனை மெர்சிடிஸ் வாங்கிற்று.

வாக்குறுதியை நம்பி வந்தோர்

சோதனைக்கு வரம்பிட்டால் போதாது, பணத்துக்கே வரம்பிட வேண்டும் என்று கருதினார் அனைத்துலக மோட்டார் சம்மேளனத்தின் அந்நாள் தலைவர் மாக்ஸ் மோஸ்லி. 2010 முதல் ஆண்டுக்கு 4 கோடி பவுன் என்னும் அளவை அவர் முன்வைத்தார். பெரிய குழுக்கள் தனிப் பந்தயம் தொடங்கப்போவதாக 2009 ஜூனில் எச்சரிக்கவே, அத்திட்டம் கைவிடப்பட்டது. குழுக்கள் தமக்குள் ஓர் உடன்பாடு செய்துகொண்டு செலவைக் குறைக்க இசைந்தன.

ஆனால் பணவரம்பு வரும் என்னும் எதிர்பார்ப்பு நிலவிய சூழலில் 2010இல் மூன்று புதிய குழுக்கள் களம் புகுந்தன. அவற்றுள் ஒன்று மலேசியத் தொழிலதிபர் டோனி பெர்னாண்டஸ் தலைமையில் அமைந்த லோட்டஸ் ரேசிங். 2009 செப்டம்பரில்தான் அதற்கு இடம் கிடைத்தது. அடுத்த மார்ச்சில் பந்தயம். மற்றொன்றாகிய வர்ஜின் குழு, காற்றுச் சுரங்கத்தையே நாடாமல் கணிப்பொறியைக்கொண்டு மட்டும் தன் காரை வகுத்துக் காட்ட முனைந்தது. அதன் எரிபொருட் கலம் முழுப் பந்தயத்துக்கும் போதாததாக அமைந்து, பருவத்தின் இடையே திருத்தப்பட நேர்ந்தது.

மூன்றாவதாகிய ஹிஸ்பானியா குழுவின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக் அக்குழுவின் ஓட்டுநராக 2010இல் பஹ்ரேன் சென்றார். அவருடைய கார் திடலின் கொட்டகையிலேயே பூட்டி முடிக்கப்பட்டது. அக்காரில் அவர் முதன்முதலாக ஓடிய சுற்றுகள் தகுதிச் சுற்றின்போது ஓடியவையே. பந்தயத்தில் அவர் தொடக்கத்திலேயே தடம் புரண்டு நின்றதில் வியப்பில்லை. கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயனும் 2011, 2012 ஆண்டுகளில் இதே குழுவுக்காக ஓட்டினார். அக்குழு 2012 முடிவில் கலைந்தது. லோட்டஸ், பின்னர் கேட்டர்ஹாம் என்று பெயர் மாறி, ஒரு புள்ளியும் பெறாமலே 2014இல் நொடித்தது. வர்ஜினின் வழிவந்த குழு 2017 தொடக்கத்தில் மூடப்பட்டது. முன்னோர் பல்லாண்டு ஓட்டிச் சேர்த்த அறிவு புதியோரிடம் இல்லை. அதை ஓட்டிச் சேர்க்கவும் விதி இடம் தரவில்லை. வரம்பு எல்லோருக்கும் ஒன்றாக இருந்தும், அதன் சுமை ஒன்றாக இல்லை.

காற்றையும் அளந்த விதி

திடலில் ஓட்டம் நின்றதும் பெரிய குழுக்கள் வாளா இருக்கவில்லை. அவற்றின் முயற்சி காற்றுச் சுரங்கத்துக்கும் கணிப்பொறிக்கும் பாய்ந்தது. ஒரு மடையை அடைத்தால் நீர் மறுமடையைத் தேடுவது இயல்பு. எனவே அவற்றுக்கும் அளவு வகுக்கப்பட்டது. மாதிரி உருவம் உண்மைக் காரின் அளவில் 60 விழுக்காட்டுக்கு மேற்படலாகாது. காற்றின் வேகம் விநாடிக்கு 50 மீட்டரைத் தாண்டலாகாது.

வேலியைத் தாண்ட முயன்றோரும் இருந்தனர். 2013 மே மாதம் மெர்சிடிஸ் குழு, டயர்ச் சோதனை என்ற பெயரில், அவ்வாண்டுக் காரையே பார்சிலோனாவில் ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர் ஓட்டியது. விசாரணை மன்றம் அதனைக் கண்டித்து, இளம் ஓட்டுநர்களுக்கான சோதனையில் கலந்துகொள்ளத் தடை விதித்தது. தண்டனை சிறிதென்று பிற குழுக்கள் முணுமுணுத்தன.

2021இல் வந்த மாற்றம் முற்றிலும் புதிய நெறியைக் கொணர்ந்தது. எல்லோருக்கும் ஒரே அளவு என்பதை விடுத்து, வென்றவருக்குக் குறைவாகவும் தோற்றவருக்கு மிகுதியாகவும் சோதனை பங்கிடப்பட்டது. 2022 முதல் அடிப்படை அளவில் முதலிடம் பெற்ற குழுவுக்கு 70 விழுக்காடு. ஒவ்வோர் இடத்துக்கும் 5 விழுக்காடு ஏறி, பத்தாம் இடத்துக்கு 115 விழுக்காடு. எட்டு வாரத்துக்கு 320 சுரங்கச் சோதனைகள் என்பது அடிப்படை. ஆதலின் முதற் குழுவுக்கு 224உம் கடைக் குழுவுக்கு 368உம் கிடைக்கும். ஆண்டின் நடுவில் தரவரிசைப்படி இப்பங்கு மீண்டும் கணக்கிடப்படும்.

மெலிந்த மாணவனுக்கு ஆசிரியர் கூடுதல் நேரம் ஒதுக்குவதைப் போன்றது இது. மதிப்பெண்ணைக் கூட்டிப் போடவில்லை. கற்கும் வாய்ப்பையே கூட்டினர். அவ்வாய்ப்பைப் பயன்படுத்துவது அவரவர் பொறுப்பு.

பணத்துக்கு இட்ட வரம்பு

மோஸ்லியின் கனவு பத்தாண்டுக்குப் பின்னர் நனவாயிற்று. 2021க்கு 17 கோடியே 50 இலட்சம் அமெரிக்க வெள்ளி என்று முதலில் முடிவாகியிருந்த பணவரம்பு, 2020இல் கோவிட் நோயால் பந்தயங்கள் நின்று வருவாய் வறண்டபோது, 14 கோடியே 50 இலட்சமாகக் குறைக்கப்பட்டது. ஓட்டுநர் ஊதியமும், மிகுந்த சம்பளம் பெறும் மூவரின் ஊதியமும், விளம்பரச் செலவும் இதில் அடங்கா. பெரிய குழுக்கள் ஆட்களை வேறு பணிகளுக்கு மாற்ற வேண்டியதாயிற்று. மெர்சிடிஸின் பொறியியலார் சிலர் பாய்மரப் படகுப் போட்டிக்குக் கலம் வகுக்கச் சென்றனர்.

முதலாண்டுக் கணக்கிலேயே சோதனை வந்தது. 2021இல் ரெட் புல் குழு 18 இலட்சம் பவுனுக்கு மேல், அதாவது வரம்பைவிட 1.6 விழுக்காடு, கூடுதலாகச் செலவிட்டதாக 2022 அக்டோபரில் தீர்ப்பாயிற்று. ஊழியர் உணவுச் செலவு போன்றவற்றைக் கணக்கில் சேர்த்த முறையும் அதில் ஒரு சிக்கல். வரிச்சலுகை ஒன்றை முறைப்படி காட்டியிருந்தால் மிகை 0.37 விழுக்காடே என்பதையும் சம்மேளனம் ஒப்புக்கொண்டது. 70 இலட்சம் அமெரிக்க வெள்ளி தண்டமும், ஓராண்டுக்குக் காற்றுச் சோதனைப் பங்கில் 10 விழுக்காடு குறைப்பும் தண்டனைகளாயின. இவற்றுள் குழுவினர் பெரிதும் அஞ்சியது இரண்டாவதற்கே. பணம் மீண்டும் வரும். இழந்த சோதனை வாரங்கள் வாரா.

ஆயினும் குறைந்த பங்கோடு உழைத்த அதே ரெட் புல் 2023இல் 22 பந்தயங்களில் 21ஐ வென்றது. தவறியது சிங்கப்பூர் ஒன்றுதான். அவ்வாண்டைப் பின்வரிசையில் தொடங்கிய மெக்லாரன், ஜூலைமுதல் காரைத் திருத்தி எழுந்து, 2024இல் குழுப் பட்டம் வென்றது. 2025இல் அதனைச் சிங்கப்பூரிலேயே மீண்டும் உறுதிசெய்தது. வென்றவர் பங்கு குறைவு என்னும் விதி, வென்றவரைத் தள்ளிவிடுவதில்லை. ஒவ்வொரு சோதனையையும் எண்ணிச் செய்யும்படி வற்புறுத்துகிறது.

இவ்வாண்டா, வரும் ஆண்டா?

வரம்பு வந்தபின் குழுத் தலைவர்களின் முன் நிற்கும் கடினமான கேள்வி இதுவே. ஓர் உழவனின் குளத்தில் நீர் அளவாக உள்ளது. நிற்கும் பயிருக்கு அதைப் பாய்ச்சுவதா, அடுத்த நடவுக்குச் சேமிப்பதா? ஹாஸ் என்னும் சிறு குழு 2021 காரைத் திருத்துவதை அறவே விட்டு, அவ்வாண்டு முழுதும் ஒரு புள்ளியும் பெறாமல் இகழ்ச்சியைத் தாங்கியது. 2022இன் முதற் பந்தயத்தில் அதன் கார் ஐந்தாவதாக வந்தது. அதே பந்தயத்தில் பெராரியின் இரு கார்களும் முதலிரண்டு இடங்களைப் பெற்றன. அக்குழுவும் புதிய விதிகளுக்கு முன்கூட்டியே ஆயத்தமானதே.

மறுபுறமும் உண்டு. 2026இல் விதிகள் மீண்டும் மாறவிருந்ததால், 2025இல் பல குழுக்கள் நடப்புக் காரைக் கைவிட்டன. ரெட் புல் செப்டம்பருக்குப் பின்னும் திருத்தங்களைத் தொடர்ந்தது. அதன் மாக்ஸ் வெர்ஸ்டப்பன் கடைசிவரை நெருங்கி வந்து, 421 புள்ளிகளோடு, 423 பெற்ற மெக்லாரனின் லாண்டோ நாரிசிடம் பட்டத்தை இழந்தார். இரண்டு புள்ளி அளவுக்கு அருகில் வந்த முயற்சியை வீண் என்று யாரும் சொல்லிவிட முடியாது.

முடிவாக

இவ்வரலாற்றினின்றும் தெளிவாவன சில. வரம்பு தானாகச் சமத்துவத்தை உண்டாக்கிவிடாது. முன்னே சேர்த்தவன் முன்னேயே நிற்பான். ஆதலால்தான் பங்கீட்டில் தாழ்ந்தோர்க்கு மிகுதி என்னும் நெறி பின்னர்த் தேவையாயிற்று. வரம்புக்குக் காவலும் வேண்டும். காவலற்ற வேலி நேர்மையாளனை மட்டுமே கட்டும். எனினும் வரம்பு செய்த பெரும் நன்மை மறைக்கற்பாலதன்று. செலவு எல்லையின்றி ஓடிய நாளில் ஹோண்டாவும் டொயோட்டாவுமே களத்தைவிட்டு ஓடின. புதியோர் மூவரும் மடிந்தனர். பணவரம்பு நடைமுறைக்கு வந்த 2021 முதல் 2025 வரை பத்துக் குழுக்களில் ஒன்றுகூட மூடப்படவில்லை. தொழிற்கூடங்களில் உழைக்கும் ஆயிரக்கணக்கானோர்க்கு அதுவே எந்தப் பட்டத்தினும் பெரியது.

கையில் உள்ளது இவ்வளவே என்று அறிந்தவனே, எதை விடலாம் என்று எண்ணத் தொடங்குகிறான். அவ்வெண்ணமே திட்டம். அது பந்தயக் களத்துக்கு மட்டும் உரியதன்று.